முக்கோணத்தின் மூன்றாம் பக்கம்
அண்ணனூரிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம்?

சென்னைவாசிகளில் பலருக்கு அண்ணனூர் ஒரு ஸ்டேஷன் பெயர் மட்டுமே. திருமுல்லைவாயல் தாண்டி, ஆவடி வரப்போகிறது என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ள வைக்கும் பெயர். ரயில்வேக்காரர்களுக்கு மட்டும் இது பெரிய ஊர். மேற்குப் பாதையில் ஓடும் மின்தொடர் வண்டிகளின் கார் ஷெட் இங்கேதான் இருக்கிறது. பகல் முழுக்க மூர் மார்க்கெட்டுக்கும் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் ஓடிக் களைத்த யூனிட்டுகள் இரவில் இங்கே வந்து ஒதுங்குகின்றன. விடியுமுன் கழுவிச் சரிபார்த்து மறுபடி பாதைக்கு அனுப்பப்படுகின்றன.

ரயில்கள் குடியிருக்கும் இந்த ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் போவது எப்படி? சின்னக் கேள்விதான். பதில் தேடப் புகுந்தால் நூற்றைம்பது ஆண்டுச் சென்னையின் எலும்புக்கூடு தெரிந்துவிடுகிறது.

பதினைந்தும் நாற்பதும்

வரைபடத்தில் அண்ணனூரையும் மீனம்பாக்கத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், நீளம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். காக்கை பறந்தால் கொரட்டூருக்கோ சென்ட்ரலுக்கோ போகாது. அயப்பாக்கம், வானகரம், போரூர் என்று தெற்கே நேராக இறங்கிவிடும்.

ரயிலுக்கு அந்த வழி கிடையாது. அண்ணனூரில் ஏறினால் முதலில் கிழக்கே 20 கிலோமீட்டர் அளவுக்குப் போய் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்க வேண்டும். சுரங்கப்பாதையில் பெட்டியை இறக்கி ஏற்றி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன் போய், தாம்பரம் வண்டி பிடிக்க வேண்டும். அது தென்மேற்காகத் திரும்பி, எழும்பூர், மாம்பலம், கிண்டி எல்லாம் தாண்டித் திரிசூலத்தில் விடும். அங்கே ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் இன்னொரு சுரங்கப்பாதை. மறுமுனையில் விமான நிலையம். கூட்டிப் பார்த்தால் 40 கிலோமீட்டரை நெருங்குகிறது. பதினைந்துக்குப் போக வேண்டியவர் நாற்பது போகிறார்.

மெட்ரோ வந்தபின் பயணத்தின் பிற்பாதி சொகுசானது. சின்னமலை–விமான நிலையம் தடம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் முதற்கட்டம் முழுமையடைந்ததும் சென்ட்ரலிலிருந்து வண்டி மாறாமலே விமான நிலையம் போக முடிந்தது. குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு எல்லாம் உண்டு. கட்டணம் எவ்வளவு தூரத்துக்கும் 50 ரூபாய்க்கு மேல் இல்லை. ஆனாலும் முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் பளபளப்பானதே தவிர, மூன்றாவது பக்கம் வந்துவிடவில்லை. அண்ணனூர்க்காரர் இன்றைக்கும் சென்ட்ரலைத் தொட்டுத்தான் தெற்கே திரும்ப வேண்டும்.

இரண்டு கம்பெனி, இரண்டு அகலம்

இந்த வடிவம் தற்செயலாக வந்ததல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அண்ணனூர் வழியாக இன்றைக்கு லோக்கல் ஓடும் பாதை அதன் வழித்தோன்றல்தான். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அமைத்த அந்தப் பாதைக்கு அகன்ற தண்டவாளம். உள்நாட்டுச் சரக்கைக் கடற்கரைக்கும் கடற்கரைச் சரக்கை உள்நாட்டுக்கும் கொண்டுபோவதே அதன் முதல் வேலை. ராயபுரம் துறைமுகத்தின் பக்கத்தில் அமைந்ததற்குக் காரணமும் அதுவே.

தெற்கே போன பாதை வேறொரு கம்பெனியின் கைக்குள் இருந்தது. சவுத் இந்தியன் ரயில்வேயின் தண்டவாளம் மீட்டர் அகலம். மேற்குப் பாதைக்கு 1873-ல் சென்ட்ரல் எழுந்தது. தெற்குப் பாதையின் பெரிய வாசலாக 1908-ல் எழும்பூர் எழுந்தது. ஒரே நகரம், இரண்டு முதலாளிகள், ஒன்றின்மீது மற்றொன்றின் சக்கரம் ஓட முடியாத இரண்டு அகலங்கள். புறநகரில் இவ்விரண்டையும் குறுக்கே இணைத்து யாருக்கு என்ன லாபம்? இரண்டும் கடற்கரையை நோக்கி வந்தன, ஒன்றையொன்று பார்க்கவில்லை.

1931-ல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதை மின்மயமானது. சென்னையின் தெற்குப் புறநகர் வளர்ந்தது அந்த மின்வண்டியின் பின்னால்தான். 1951-ல் தென்னக ரயில்வே பிறந்தபோது இரண்டு கம்பெனிகளின் வாரிசுகளும் ஒரே கூரையின்கீழ் வந்தன. 2004-ல் கடற்கரை–தாம்பரம் பாதையில் மீட்டர்கேஜ் மின்வண்டி விடைபெற்றது. முதலாளி ஒன்று, அகலமும் ஒன்று என்றான பிறகாவது குறுக்குப் பாதை வந்திருக்கலாம். அதற்குள் நடுவிலிருந்த ஏரிகளும் வயல்களும் மனைகளாகி, மனைகளெல்லாம் வீடுகளாகிவிட்டன.

விமான நிலையத்தின் கதையும் தெற்குப் பாதையை ஒட்டியே நடந்தது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜாகோமோ டி ஆஞ்செலிஸ் 1910-ல் பல்லாவரத்தில் தன் விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தார். சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் உருவான விமானம் அது. மத்தியதரைக் கடலின் தீவொன்றிலிருந்து வந்து இங்கே கடை விரித்தவர் அவர். சென்னை முதன்முதலில் அண்ணாந்து பார்த்தது அவர் ஏறிய பொறியைத்தான். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்து சேர்த்தார். பரங்கிமலை ராணுவக் குடியிருப்பு, பக்கத்திலேயே ரயில், பெரிய தெற்குச் சாலை, சமவெளி எல்லாம் அமைந்த பகுதியில் விமானத் தளம் நிலைத்தது இயல்பே. நகரம் ஒரு சக்கரமென்றால், அதன் தெற்கு ஆரத்தின்மேல் விமானத் தளம் உட்கார்ந்துவிட்டது. மேற்கு ஆரத்தின்மேல் இருந்தவர்களுக்குச் சக்கரத்தின் குடத்துக்குப் போய்த் திரும்புவதைத் தவிர வழியில்லை.

வட்டம் யாருக்கு?

சென்னையில் ஆரங்களை இணைக்கும் வட்டங்களே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன, எல்லாம் சாலைகள்.

நூறடிச் சாலை என்று பழகிப்போன உள்வட்டச் சாலை முதலாவது. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் போகும் 32 கிலோமீட்டர் பைபாஸ் இரண்டாவது. வண்டலூரிலிருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை மூன்றாவது. எண்ணூர் துறைமுகத்தையும் மாமல்லபுரத்தையும் இணைக்கும் இன்னும் பெரிய எல்லைச் சாலை வேலை நடந்துகொண்டிருக்கிறது. அண்ணனூர் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள்: கிழக்கே சில கிலோமீட்டரில் அம்பத்தூரில் பைபாஸ், மேற்கே சில கிலோமீட்டரில் பட்டாபிராம் பக்கம் வெளிவட்டச் சாலை. இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது.

இந்தச் சாலைகள் கொல்கத்தா, பெங்களூரு, திருச்சி நெடுஞ்சாலைகளையும் துறைமுகங்களையும் நகருக்குள் நுழையாமல் இணைப்பதற்காகப் போடப்பட்டவை. லாரிக்குப் போட்ட பாதையில் காரும் போகிறது. சொந்தக் கார் இருந்தால், அல்லது கால் டாக்ஸிக்குக் கொடுக்கப் பணம் இருந்தால், அண்ணனூரிலிருந்து விமான நிலையம் 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கார் இல்லாதவருக்கு அதே இடம் நாற்பது கிலோமீட்டரும் ஒரு வண்டி மாற்றமும். ஒரு தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இருவருக்கு விமான நிலையம் ஒரே தூரத்தில் இல்லை. சென்னையில் ரயில் ஆரமாக ஓடுகிறது, சாலை வட்டமாக ஓடுகிறது. தூரத்தைத் தீர்மானிப்பது வருமானம்.

ரயிலுக்கும் ஒரு வட்டம் உண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அரக்கோணம்–காஞ்சிபுரம்–செங்கல்பட்டு பாதை மேற்கையும் தெற்கையும் இணைக்கிறது. 2019-ல் அதன் வழியே சுற்று ரயிலும் விடப்பட்டது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களுக்கும் வாலாஜாபாத்காரர்களுக்கும் அது பயன். அண்ணனூரிலிருந்து அதில் ஏறி விமான நிலையம் போவதென்றால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் சுற்ற வேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவருவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதுண்டு. இங்கே அதற்குத் தண்டவாளமே போட்டிருக்கிறார்கள். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் போக வேண்டிய புதிய பாதை பல ஆண்டுகளாகத் திட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. அது வந்தால் தொழிற்பேட்டைகளுக்கு உதவும். மீனம்பாக்கத்தை அதுவும் தொடாது.

ஒரு தீவின் கணக்கு

குடத்துக்குப் போய்த் திரும்பும் இந்தச் சிக்கலை வேறொரு நாடும் சந்தித்தது: மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே இருக்கும் மால்ட்டா. முக்கியத் தீவின் நீளம் 27 கிலோமீட்டர், அகலம் பதினான்கரை. அண்ணனூருக்கும் மீனம்பாக்கத்துக்கும் உள்ள நேர்தூரத்தில் அந்தத் தீவின் குறுக்களவு அடங்கிவிடுகிறது. நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். 2011-ல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மட்டுமே 426.

அந்தத் தீவிலும் ரயில் இருந்தது. தலைநகர் வல்லெட்டாவிலிருந்து பழைய கோட்டை நகரான ம்டீனா வரை 1883-ல் ஓடத் தொடங்கி, பேருந்துப் போட்டியில் நலிந்து, 1931-ல் நின்றுபோனது. கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சாரம் பாய்ந்த அதே ஆண்டு. அதன்பிறகு மால்ட்டாவுக்குப் பேருந்துதான் எல்லாம். பேருந்துத் தடங்களும் நம் ரயில்பாதைகளைப் போலவே பல காலம் வல்லெட்டாவின் கோட்டை வாசலை நோக்கியே ஓடின. அங்கே வந்து இறங்கி, மாறி, வேறு பக்கம் போக வேண்டும். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டவருக்கு அது வேடிக்கை. தீவின் வடக்கே ஓட்டலில் வேலைபார்க்கும் தெற்குக் கிராமத்துப் பெண்ணுக்குத் தினசரித் தண்டனை.

2011-ல் சேவையைச் சீரமைத்தபோது செய்த ஒரு காரியம் நமக்கு முக்கியம். தலைநகருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் லூகாவில் உள்ள விமான நிலையத்தையே இன்னொரு குடமாக எடுத்துக்கொண்டு, ‘எக்ஸ்’ என்ற எழுத்தோடு சில தடங்களை விட்டார்கள். எக்ஸ் 1 விமான நிலையத்தில் கிளம்பி, வல்லெட்டாவுக்குள் நுழையாமலே, தீவின் வடமுனையில் கோசோ தீவுக்குப் படகு ஏறும் சிர்கேவா வரை போகிறது. மற்றவை வேறு கடலோர ஊர்களுக்குப் போகின்றன. புதுத் தண்டவாளம் இல்லை, புதுப் பாலம் இல்லை. வரைபடத்தில் கோடு வேறு மாதிரி இழுக்கப்பட்டது, அவ்வளவே.

அதனால் மால்ட்டாவின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. சீரமைப்பு ஏற்பட்ட புதிதில் வண்டி மாற வேண்டிய இடங்களைப் பற்றி மக்கள் சலித்துக்கொண்டார்கள். சேவையை எடுத்து நடத்திய நிறுவனமும் மூன்று ஆண்டுக்குள் வெளியேறியது. 2022 அக்டோபரிலிருந்து உள்நாட்டவருக்குப் பேருந்து இலவசம் என்றானபின்னும் தெருவெல்லாம் கார்தான். ஆயினும் விமான நிலையத்திலிருந்து தலைநகரைத் தொடாமல் ஊர் போய்ச் சேரலாம் என்ற ஒன்று அங்கே சாத்தியமாகிவிட்டது. ஒரு நாட்டின் விமான நிலையம் அதன் தலைநகருக்கு மட்டும் சொந்தமல்ல என்று தடம் போட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

விமான நிலையம் மேற்கே வந்த நாட்கள்

நம் பக்கத்திலும் ஒருமுறை ஆரங்கள் இடம் மாறின. 2015 டிசம்பர் முதல் வாரம். செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு பெருகியது. அந்த ஆற்றின்மேல் பாலம் போட்டு இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருந்த மீனம்பாக்கம் நீரில் நின்றது. விமான நிலையம் மூடப்பட்டு, சிக்கியிருந்த பயணிகள் அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

அரக்கோணம் மேற்குப் பாதையின் கடைசி. அந்தச் சில நாட்கள், சென்னையின் விமானங்கள் அண்ணனூர்க்காரரின் சொந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில் ஏறி இறங்கின. அது பேரிடர்க் காலத்து ஏற்பாடு. யாரும் கொண்டாடும் நிலையில் இல்லை. ஆனால் ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதை அதன் அட்சரேகை சொல்வதில்லை, அது எந்தக் கோட்டின்மேல் இருக்கிறது என்பதே சொல்கிறது என்று அந்த வாரம் காட்டியது.

வரப்போகும் கோடுகள்

இனி வரப்போகும் தடங்கள் மூன்றாம் பக்கத்தைப் போடுமா? மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை ஒரு வழித்தடம் வருகிறது. அதைப் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூருக்கு நீட்டவும், கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை இன்னொரு தடம் போடவும் திட்ட அறிக்கைகள் தயாராகியுள்ளன. பட்டாபிராம் தடம் வந்தால், ஆவடிப் பக்கத்தார் கோயம்பேடு, ஆலந்தூர் வழியாக விமான நிலையம் போகலாம். சென்ட்ரலுக்குப் போகும் சுற்று பாதியாகக் குறையும். நிச்சயம் முன்னேற்றம்தான்.

வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தால் பழைய பழக்கம் தெரிகிறது. பூந்தமல்லித் தடமும் ஆரம், பட்டாபிராம் தடமும் ஆரம். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே இருப்பது சுமார் 10 கிலோமீட்டர். அந்தப் பத்து கிலோமீட்டரை எந்தக் கோடும் கடக்கவில்லை.

இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காகவும் நீர்நிலைகளுக்காகவும் அப்போதிருந்தே போராடிவருகிறார்கள். 2025-ல் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயம் தனிக் கட்டுரைக்குரியது. நம் கேள்விக்கு வேண்டியது ஒன்றே: பரந்தூரும் மேற்கு ரயில்பாதைக்கும் காஞ்சிபுரம் பாதைக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது. அங்கே போகவும் அண்ணனூர்க்காரர் முதலில் பூந்தமல்லி போய்ச் சேர வேண்டும். மீனம்பாக்கமானாலும் பரந்தூரானாலும் இடறுவது அதே பத்து கிலோமீட்டரில்தான்.

ஏற்கெனவே இருக்கும் பாதை

மூன்றாம் பக்கம் தரையில் இல்லாமல் இல்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் வழியாகத் தாம்பரம் போகும் 66 இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து திரிசூலம் ரயிலில் அடுத்த நிறுத்தம். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதாவது ஒரு பெண் ஏறக்குறைய செலவில்லாமல் இந்தப் பக்கத்தைக் கடந்துவிடலாம். அவள் கையில் பெட்டி இல்லாமல், நேரம் நிறைய இருந்து, குன்றத்தூர் முனையில் நெரிசலும் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று துண்டுகளாகக் கிடக்கும் இந்தக் கோட்டை ஒரே தடமாகத் தைப்பதுதான் பாக்கி.

2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கலாம். வண்டி மாறும் அலுப்பில் ஒரு பங்கை அது குறைக்கும். சீட்டு ஒன்றானாலும் பாதை ஒன்றாகிவிடாது. ஆவடியில் கிளம்பி, பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம் வழியாக விமான நிலைய வாசலில் நிற்கும் ஒரு தடம், பெட்டி வைக்க இடத்தோடு, விமான நேரங்களை ஒட்டி ஓடினால், அது மால்ட்டாவின் எக்ஸ் 1 செய்த வேலையைச் செய்யும். கோடிகள் கேட்கும் திட்டம் அல்ல இது. சில பேருந்துகள், சில ஓட்டுநர்கள், ஒரு கால அட்டவணை.

அந்த அட்டவணையில் இரவு கட்டாயம் இருக்க வேண்டும். துபாய்க்குப் போகும் மகனை வழியனுப்ப ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் பல விமானங்கள் நள்ளிரவிலிருந்து விடிகாலைக்குள் கிளம்புகின்றன. மெட்ரோவின் முதல் வண்டி காலை ஐந்து மணியளவில்தான். அந்த நேரத்தில் விமான நிலையத்தில் துப்புரவுப் பணிக்கும் சுமைப் பணிக்கும் காவலுக்கும் முறை மாறுகிறவர்களும் புறநகர்களில்தான் குடியிருக்கிறார்கள். பயணி என்றைக்கோ ஒருநாள் டாக்ஸிக்குக் கொடுத்துவிடலாம். பணியாளரால் தினம் கொடுக்க முடியாது. விமான நிலையப் பேருந்து என்றதும் சூட்கேஸ் பிடித்தவர் நினைவுக்கு வருகிறார். அதன் நிரந்தர வாடிக்கையாளர் சீருடையைப் பையில் மடித்து வைத்திருப்பவர்.

நள்ளிரவு தாண்டி அண்ணனூர் கார் ஷெட்டில் கடைசி யூனிட்டுகள் உள்ளே வருகின்றன. மீனம்பாக்கத்தில் அப்போதுதான் கூட்டம் சேரத் தொடங்குகிறது. ஒன்று அடங்கும் நேரத்தில் மற்றொன்று விழிக்கிறது. இரண்டுக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர். அந்த நேரத்தில் அதைக் கடக்க, கையில் காசுள்ளவருக்கு மட்டும் வழி இருக்கிறது.